வார்ப்பிரும்பு வாணலி பிசுபிசுக்கிறது, முட்டை ஒட்டுகிறது: எண்ணெயை மாற்ற வேண்டுமா?

புதிதாக வாங்கிய வார்ப்பிரும்பு வாணலியைச் சூரியகாந்தி எண்ணெய் தடவி நான்கு முறை சுட வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் கை வைத்தால் பிசுபிசுக்கிறது, முட்டை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது, கழுவி மூடி வைத்த ஒரே இரவில் விளிம்பில் துரு பூத்துவிட்டது. 'எந்த எண்ணெய்க்கு மாறினால் சரியாகும், அல்லது எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா' என்று கேட்கிறீர்கள். கேள்வி எண்ணெயைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. பிசுபிசுப்பு வந்தது எண்ணெய் கூடிப்போனதால். முட்டை ஒட்டுவது பெரும்பாலும் சமைக்கும்போது சூடு சரியாக அமையாததால். துரு வந்தது ஈரம் தங்கியதால். உங்கள் எண்ணெய் நல்ல எண்ணெய்தான், அதை மாற்ற வேண்டாம். சுரண்டவும் தேவையில்லை.

வாணலியைப் பழக்குவது என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சூட்டில் இரும்பின் துளைகள் விரிந்து எண்ணெயைக் குடிக்கும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. மணல் அச்சில் வார்ப்பதால் மேற்பரப்பு நுணுக்கமான மேடுபள்ளங்களோடு இருக்கும், அவ்வளவுதான். அந்த மேடுபள்ளங்களின் மேல் மெல்லியதாகப் பரவிய எண்ணெய், சூட்டிலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனிலும் வேதிமாற்றம் அடைகிறது. நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஒட்டி ஆக்ஸிஜன் தாக்க, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோல் ஆகிவிடுகின்றன. இதுதான் பாலிமர். எண்ணெய் வண்ண ஓவியம் காய்ந்து கெட்டியாவதும் ஏறக்குறைய இதே வினைதான். அங்கே நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பது இங்கே சூட்டினால் ஒரு மணி நேரத்தில் நடக்கிறது. ஆகவே நல்ல பழக்கம் என்பது இரும்பின் மேல் ஊறிக் கிடக்கும் எண்ணெய் இல்லை. உலர்ந்து, கெட்டியாகி, தொட்டால் கையில் எதுவும் ஒட்டாத ஒரு தோல் அது.

இந்த வினை முழுமையாக நடக்கப் படலம் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து ஆடை கட்டும், ஆக்ஸிஜன் எட்டாத அடிப்பக்கம் பாதி வெந்த பசையாக நின்றுவிடும். உங்கள் வாணலியில் நடந்திருப்பது இதுதான். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள வாணலிக்கு உள்ளும் புறமும் கைப்பிடியும் சேர்த்து அரைத் தேக்கரண்டி எண்ணெயே போதும். அதையும் தடவிய பிறகு, 'தெரியாமல் எண்ணெய் பட்டுவிட்டது, ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது' என்ற நினைப்போடு வேறொரு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். துடைத்தபின் பளபளப்பு போய், வெறும் இரும்பைப் போல மங்கலாகத் தெரிய வேண்டும். எல்லாம் போய்விட்டதே என்று தோன்றும். போகவில்லை, தேவையானது மிச்சம் இருக்கும். துணி பஞ்சு பிரியாததாக இருக்கட்டும், இல்லையென்றால் நூலிழைகள் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஓவன் இருந்தால் வேலை சீராக முடியும். வாணலியைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, 100 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் போய்விடும், சூட்டில் எண்ணெயும் இளகி மெல்லியதாகப் பரவும். எண்ணெய் தடவித் துடைத்து, 150 டிகிரியில் மறுபடி பத்து நிமிடம் வையுங்கள். இந்தக் கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் முக்கியமானது இதுதான். சூடானதும் எண்ணெய் சிறுசிறு முத்துகளாகத் திரளும். தடிமனான துணியோ கையுறையோ வைத்துப் பிடித்து வெளியே எடுத்து அந்த முத்துகளைத் துடைத்துவிட்டால், புள்ளி புள்ளியான தழும்புகள் வராது. பிறகு வாணலியைக் கவிழ்த்து வைத்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம். கவிழ்ப்பது, மிஞ்சிய எண்ணெய் அடியில் குளம் கட்டாமல் இருக்க. நேரம் முடிந்ததும் ஓவனை நிறுத்திவிட்டு, உள்ளேயே ஆற விடுங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. முதல் சுற்றில் செம்பழுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், அடுத்தடுத்த சுற்றுகளிலும் சமையலிலும்தான் கறுப்பு ஏறும். கொஞ்சம் புகை வரும், சன்னலைத் திறந்து வையுங்கள்.

ஓவன் இல்லையென்றால் அடுப்பிலேயே செய்யலாம், ஆனால் ஒரு குறை உண்டு. தீ படும் நடுப்பகுதி நன்றாகப் பழகும், பக்கச்சுவரும் விளிம்பும் பின்தங்கும். மிதமான தீயில் வாணலியை ஐந்து நிமிடம் சூடாக்கி, எண்ணெய் தடவித் துடைத்து, மெல்லிய புகை எழும்பி அடங்கும்வரை, சுமார் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு வாணலியைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பக்கச்சுவரையும் தீக்குக் காட்டுங்கள். ஆறவிட்டு இதையே நாலைந்து முறை. பெருந்தீ வைத்தால் விரைவில் முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் மட்டும் எரிந்து சாம்பல் நிறத் திட்டு விழும், மோசமாகப் போனால் அடி வளைந்துவிடும்.

இப்போது இருக்கும் பிசுபிசுப்பைப் போக்க, புதிதாக எண்ணெய் எதுவும் தடவாமல், வாணலியைக் கவிழ்த்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். லேசான பிசுபிசுப்பு இதிலேயே காய்ந்து கெட்டியாகிவிடும். ஆறியபின்னும் விரல் ஒட்டினால், அல்லது ஓரங்களில் பழுப்புக் கோந்துபோல் திரண்டிருந்தால், கம்பி நாரும் சோப்பும் போட்டு அந்தத் திரளை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே சொன்ன மெல்லிய பூச்சை இரண்டு சுற்று கொடுங்கள். வழுவழுப்பாகக் கெட்டியாக இருக்கும் பகுதியைத் தொட வேண்டாம்.

இனி எண்ணெய். நிறைவுறாக் கொழுப்பு, அதிலும் லினோலிக் போன்ற பல இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்கள் எதில் மிகுதியோ அது நன்றாகக் காயும். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சோயா எண்ணெயில் 50 சதவீதத்தை ஒட்டி. இரண்டும் மிகப் பொருத்தம். புட்டியில் 'ஹை ஓலிக்' என்று போட்டிருந்தால் அது வேறு ரகம், ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஓலிக் அமிலம் மிகுந்தது, காய்வது மெதுவாக நடக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கடுகு வகை எண்ணெய்கள் நடுத்தரம், அவையும் வேலை செய்யும். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. கோத்துக்கொள்ள இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு என்பதால் அது காயாமல் வெறும் கொழுப்பாகவே நிற்கும். நெய்யிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்புதான். சமைக்க இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், பழக்குவதற்கு மட்டும் வேண்டாம். சுத்திகரித்த எண்ணெய், செக்கில் ஆட்டியதைவிட இதற்கு நல்லது. வண்டலும் மணப்பொருள்களும் சூட்டில் கருகிப் படலத்தில் பொருக்காக நிற்கும்.

இதுவரை சொன்னது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. சர்ச்சைக்குரியது ஆளி விதை எண்ணெய். எல்லா எண்ணெய்களையும்விட விரைவாகக் காய்ந்து கண்ணாடிபோல் கெட்டியாவது அதுதான் என்பது உண்மை, அதிலுள்ள கொழுப்பில் பாதிக்கும் மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். அந்த ஒரு காரணத்தை வைத்து அதுவே சிறந்தது என்று ஒரு கட்சி. மிகக் கெட்டியாக இருப்பதாலேயே, இரும்பு சூட்டில் விரிந்து சுருங்கும்போது கூடவே அசைய முடியாமல் செதில் செதிலாகப் பெயர்கிறது என்று இன்னொரு கட்சி. பெயர்வதை நேரில் கண்டவர்கள் ஏராளம், பெயராமல் வருடக்கணக்காக வைத்திருப்பவர்களும் உண்டு. பூச்சின் தடிமனா, அடியில் இருந்த இரும்பின் வழுவழுப்பா, சூடேற்றிய விதமா என்பதைப் பிரித்துச் சொல்லும்படி முடிவு எதுவும் எட்டப்படவில்லை. என் கணிப்பு: தினமும் பயன்படுத்தும் வாணலிக்கு அந்த ஆபத்தும் செலவும் வேண்டாம். ஒருவேளை பயன்படுத்தினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது இந்த எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகத் தீப்பிடிக்க முடியும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

வெங்காயம் தேய்ப்பது, உருளைக்கிழங்குத் தோலை உப்போடு வறுப்பது போன்றவற்றையும் கேட்டிருப்பீர்கள். அவற்றால் கெடுதல் இல்லை. எண்ணெயை மெல்லியதாகப் பரப்பும் கருவியாக வெங்காயத் துண்டு நன்றாகவே வேலை செய்யும். படலத்தை உண்டாக்குவது எண்ணெயும் சூடும்தான்.

முட்டைக்கு வருகிறேன். பலர் மனமுடைந்து வாணலியைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எவ்வளவு நன்றாகப் பழகிய வாணலியும் குளிர்ந்த நிலையில் முட்டை ஊற்றினால் ஒட்டும். முட்டையின் புரதம் கெட்டியாகும் முன் மேற்பரப்பின் நுணுக்கப் பள்ளங்களில் இறங்கி, பிறகு அங்கேயே வெந்து பிடித்துக்கொள்கிறது. வார்ப்பிரும்பு வெப்பத்தை நிறையத் தேக்கும், ஆனால் மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியம் அதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் பெரிய தீயில் ஒரு நிமிடம் வைத்தால் தீ படும் வளையம் மட்டும் கொதிக்கும், ஓரம் குளிர்ந்தே இருக்கும். ஒரே வாணலியில் ஒரு பக்கம் கருகி இன்னொரு பக்கம் ஒட்டுவது இதனால்தான். சிறு தீக்கும் மிதமான தீக்கும் இடைப்பட்ட நிலையில் ஐந்திலிருந்து ஏழு நிமிடம் காத்திருங்கள். ஒரு சிறு துண்டு வெண்ணெய் போட்டால் நுரைக்க வேண்டும், ஆனால் உடனே பழுப்பாகக் கூடாது. அதுதான் முட்டைக்கான சூடு. தண்ணீர்த் துளி முத்தாக உருண்டு ஓடினால் சூடு கூடிவிட்டது, தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். முட்டை ஊற்றியபின் உடனே கிளறவோ புரட்டவோ வேண்டாம். அடி வெந்ததும் தானாக விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் கரண்டியைச் செருகினால்தான் பிய்யும். முதல் இரண்டு மூன்று வாரம் முட்டையைத் தவிர்த்து, தாராளமாக எண்ணெய் விட்டு வதக்குவது, பொரிப்பது மட்டும் செய்தால் படலம் விரைவாகத் தேறும். இண்டக்‌ஷன் அடுப்பில் சமைப்பவர்கள் எப்போதும் மிகக் குறைந்த எண்ணில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும், எடுத்த எடுப்பில் முழுச் சக்தி கொடுத்தால் அடி வளையலாம், விரிசலும் விடலாம். கண்ணாடி மேல்தளத்தில் வாணலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

சோப்பு போடவே கூடாது என்பது பழைய காலத்து அறிவுரை. அன்றைய சோப்புகளில் காரம் (காஸ்டிக் சோடா போன்றது) எஞ்சியிருக்கும், காரம் காய்ந்த எண்ணெயைக் கரைக்கும். இன்று பாத்திரம் கழுவும் திரவத்தில் அந்த வேலை நடக்காது. அது பச்சை எண்ணெயை அகற்றும், கெட்டியான பாலிமரை அசைக்காது. ஒருமுறை சோப்பு போட்டதும் படலம் கரைந்து போனால், போனது படலமே இல்லை, காயாத எண்ணெய். ஆகவே தேவைப்படும்போது தயங்காமல் சோப்பு போடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் மட்டும் கூடாது. அதன் தூள் கடுங்காரம், மேலும் மணிக்கணக்கில் சூடான ஈரம். ஊறப் போடுவதும் கூடாது. அடிப்பிடித்தது இருந்தால் வாணலியில் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு ஓரிரு நிமிடம் கொதிக்க வைத்து, மர அகப்பையால் தேய்த்தால் கிளம்பிவிடும். கல்லுப்பால் தேய்க்கலாம், ஆனால் உப்பு துளியும் தங்காமல் கழுவ வேண்டும். உப்பு தங்கிய இடத்தில் ஈரம் பட்டால் துரு இன்னும் வேகமாக வரும். உலோகக் கரண்டியால் படலம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம், தட்டையான விளிம்புள்ள உலோகத் திருப்பி மேடுகளைத் தேய்த்து நாளடைவில் சமமாக்கத்தான் செய்யும். சூடான வாணலியைக் குளிர்ந்த தண்ணீரில் வைப்பது மட்டும் மன்னிக்க முடியாத தவறு. வார்ப்பிரும்பில் 2 சதவீதத்துக்கும் மேல் கார்பன், அதில் பெரும்பகுதி கிராஃபைட் தகடுகளாக உள்ளே பரவிக் கிடக்கும். அதனால் அது நொறுங்கும் இயல்புடையது, திடீர்க் குளிர்ச்சியில் ஒரே சத்தத்தோடு பிளந்துவிடக்கூடும்.

கழுவியபின் துணியால் துடைத்தால் போதாது. அடுப்பில் சிறு தீயில் மூன்று நிமிடம் வைத்து முழுக்க உலர்த்துங்கள், நான்கைந்து சொட்டு எண்ணெயைத் தடவித் துடைத்துவிடுங்கள். உங்களுக்குத் துரு வந்தது விளிம்பில். கழுவிய தண்ணீர் கடைசியாக வடிந்து நிற்கும் இடம் அது, அதோடு மூடி போட்டு வைத்ததால் உள்ளே இருந்த ஈரமும் வெளியேறவில்லை. மூடியைத் திறந்தோ, இடையில் ஒரு காகிதம் மடித்து வைத்தோ வைத்தால் காற்று போகும். இருக்கும் துருவுக்குக் கம்பி நாரும் கொஞ்சம் சோப்பும் போதும். சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை தேய்த்து, கழுவி, உடனே உலர்த்தி, அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு சுற்றுப் பூச்சு கொடுங்கள். துணியில் செம்பழுப்புக் கறை வந்தால், கறை குறையும்வரை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் சூடேற்றுங்கள். முழுவதும் துருவேறிய பழைய பாத்திரம் என்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அதில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். இரவு முழுக்க மறந்துவிட்டால் அமிலம் துருவைத் தாண்டி நல்ல இரும்பையே அரித்துக் குழிவிழ வைக்கும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, அந்த நொடியே அடுப்பில் ஏற்றி உலர்த்துங்கள். வெற்று இரும்பில் கண்ணெதிரே சில நிமிடங்களில் மறுபடி துரு படரும்.

புளிப்பான பண்டம் சமைக்கலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். நன்கு பழகிய வாணலியில் தக்காளி சேர்த்துக் கால் மணி நேரம் சமைப்பதால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் கொதிக்க விட்டாலோ, சமைத்ததை அதிலேயே இரவு வைத்தாலோ படலம் மெலியும், உணவில் உலோகச் சுவையும் கருமையும் ஏறும். புதிதாகப் பழக்கிய வாணலியில் முதல் ஒன்றிரண்டு மாதம் புளிப்பையே தவிர்ப்பது நல்லது. உணவில் இரும்பு சேர்வது உண்மைதான். புளிப்பும் ஈரமும் சமைக்கும் நேரமும் கூடக் கூட அதிகம் இறங்கும், படலம் கெட்டியாக இருந்தால் குறையும். எவ்வளவு என்பது சமையலுக்குச் சமையல் மாறுவதால் இதை ரத்தசோகைக்கு மருந்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலில் இரும்பு தேங்கும் ஹீமோகுரோமடோசிஸ் நோய் இருப்பவர்கள், இதில் சமைக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும் அகற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டியது எப்போது என்றால், படலம் செதிலாகப் பெயர்ந்து உணவில் விழும்போது, அல்லது வெளிப்புறத்தில் கரி விரற்கடை தடிமனுக்கு ஏறியிருக்கும்போது. 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளியில், முதலில் தண்ணீரை ஊற்றி அதன்பின் அரைக் கிலோ காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் நீளக் கையுறையும் கட்டாயம், குழந்தைகள் எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். அலுமினியப் பொருள் எதுவும் அருகில் வரக் கூடாது. காரம் அதை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜனை வெளிவிடும். வாணலியை அந்தக் கரைசலில் மூழ்க வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கரி இளகிவிடும், காரம் இரும்பைத் தொடாது, துருவையும் அகற்றாது. இதற்குப் பதில் நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சுகிறவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் இரும்பே மாறி இளஞ்சிவப்புத் திட்டு விழும், பிறகு எந்தப் பூச்சும் அங்கே சரியாகப் பிடிக்காது.

கடைசியாக, உறவினர் வீட்டிலிருந்து ஒரு பழைய வாணலி வரப்போகிறது என்றும் சொன்னீர்கள். படத்தைப் பார்த்து அது நல்லதா என்று என்னால் சொல்ல முடியாது, நீங்கள்தான் சோதிக்க வேண்டும். கைப்பிடித் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் நல்லது. மொத்தென்று அடங்கினால் கரிக்கு அடியில் விரிசல் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். விரிசல் விட்ட வார்ப்பிரும்பை எந்தப் பழக்கமும் சேர்க்காது. சமதளத்தில் வைத்து அழுத்தினால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். எரிவாயு அடுப்பில் சிறிது ஆட்டம் பரவாயில்லை, கண்ணாடித் தள அடுப்புக்கு ஆகாது. இதற்கு முன் அதில் என்ன செய்தார்கள் என்றும் கட்டாயம் விசாரியுங்கள். தூண்டில் எடைகள், தோட்டாக்கள் வார்க்க ஈயம் உருக்குவதற்குப் பழைய இரும்புச் சட்டிகளைப் பயன்படுத்திய வழக்கம் உண்டு. அந்தச் சந்தேகம் துளி இருந்தாலும், சுரண்டியும் காரத்தில் ஊற வைத்தும் அதைப் பாதுகாப்பானதாக்கிவிட்டதாக நம்ப முடியாது. சமையலுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.